நாற்பத்தெட்டு நாள் இரவல்

கடவுள் இருக்கிறாரா என்ற கேள்விக்குத் தென்னவன் பத்தொன்பது ஆண்டுகளில் பதினோராயிரத்துச் சொச்சம் பதில்கள் எழுதியிருந்தார். கடவுள் ஒன்றுகூட எழுதவில்லை. இருவரில் யார் புத்திசாலி என்ற சந்தேகம் தென்னவனுக்கு ஐம்பத்தெட்டாவது வயதில்தான் லேசாக எட்டிப்பார்த்தது.

எழுதியதெல்லாம் 'மெய்ப்பொருள் மன்றம்' என்ற இணைய அரங்கில். பெயரைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். உலகெங்கும் உள்ள தமிழர்கள், காலையில் பல் துலக்குவதற்கு முன்பே அடுத்தவன் மூடன் என்று நிரூபித்துவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கப்போகும் இடம். ஆத்திகர்கள் ஒரு பக்கம், நாத்திகர்கள் ஒரு பக்கம், நடுவில் 'இரண்டிலும் உண்மை உண்டு' என்று சொல்லி இரண்டு பக்கமும் அடி வாங்கும் நாலைந்து நல்லவர்கள்.

தென்னவன் திருச்சியில் ஒரு கொதிகலன் தொழிற்சாலையில் வெல்டிங் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, அடுத்தவன் ஒட்டியதில் எங்கே விரிசல் என்று தேடிய கண். சொந்தமாக ஒரு தகரத்தைக்கூட அவர் ஒட்டியதில்லை. மன்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான தகுதி கிடையாது.

எதிர்த்தரப்பின் தலை தென்காசிக்காரர் ஒருவர். பெயர் மெய்கண்டமூர்த்தி, தொழில் சைவச் சொற்பொழிவு, குரல் கோயில் மணி. அவர் 'அன்பரே' என்று ஆரம்பித்தால் அடுத்த வரியில் கத்தி இருக்கிறது என்று அர்த்தம். தென்னவனும் அவரும் நேரில் பார்த்ததில்லை, போனில் பேசியதில்லை. ஆனாலும் இருவரும் தங்கள் மனைவிமாரோடு பேசியதைவிடப் பத்து மடங்கு தங்களுக்குள் பேசியிருந்தார்கள்.

நான்கு வருடத்துக்கு முன் பதியம் வந்தது. கம்பெனி அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் ரோஜாச் செடிக்குச் சொல்கிற சொல்லையே இதற்கும் சொல்லிவிட்டார்கள். தலையில் மாட்டுகிற ஒரு தொப்பி, அவ்வளவுதான். ஏதாவது ஒரு கேள்வியில் ஒருவருக்கு இருக்கிற உறுதியை அது படம் பிடிக்கும். பிடித்த படத்தை இன்னொருவர் தலையில் படியவைக்கும். ஞாபகம் வராது, மொழி வராது, சங்கீத ஞானம் வராது. அந்த ஒரு கேள்வியில் அந்த ஆளுக்கு உள்ளே எப்படி இருக்கிறதோ அது மட்டும் வரும். நாற்பத்தெட்டு நாளில் தானாக உதிர்ந்துவிடும். ஏன் நாற்பத்தெட்டு என்று விஞ்ஞானிகளுக்கே தெரியவில்லை. ஒரு மண்டலம் என்று ஆத்திகர்கள் உடனே கண்டுபிடித்து, இதைச் சித்தர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று முந்நூறு பதிவு போட்டார்கள்.

முதலில் குடும்ப நீதிமன்றங்களுக்காகத்தான் செய்தார்களாம். கணவன் தரப்பு மனைவிக்கும் மனைவி தரப்பு கணவனுக்கும் ஒரு மண்டலம் புரியட்டும் என்ற நல்ல எண்ணம். ஆறே மாதத்தில் மாமியார்கள் வரிசையில் நின்றார்கள். அதன்பின் ரத்த உறவுக்குள்ளும் கல்யாண உறவுக்குள்ளும் பதியம் கூடாது என்று சட்டம் வந்தது. சொந்தக்காரர்களுக்குக் கிடையாது என்றானபிறகு கம்பெனிக்கு மிஞ்சிய வாடிக்கையாளர்கள் இணையத்தில் சண்டை போடுகிறவர்கள்தான்.

மன்றம் அதை ஒரு சடங்காகவே ஆக்கிக்கொண்டது. வருடத்துக்கு ஒரு விவாதத் திருவிழா, அதில் பல ஜோடிகள், ஜோடிக்கு ஏழு நாள், நூறு நடுவர்கள். அறுபது பேர் ஒரு பக்கம் சாய்ந்தால் வெற்றி. தோற்றவர் வென்றவரின் நம்பிக்கையை ஒரு மண்டலம் சுமக்க வேண்டும், முடிந்ததும் 'நான் உணர்ந்தது' என்று ஓர் அறிக்கை எழுத வேண்டும். கரூர் நாத்திகர் ஒருவர் பதினோரு பக்கத்துக்கு 'ஒளி, ஒளி' என்று எழுதினார். சிரம்பான் ஆத்திகர் ஒருவர் 'என் விலங்குகள் நொறுங்கும் ஓசையைக் கேட்டேன்' என்று எழுதினார். இரண்டையும் மன்றத்தின் முகப்பில் நிரந்தரமாகவே ஒட்டிவைத்திருந்தார்கள். தென்னவனும் மெய்கண்டமூர்த்தியும் மூன்று முறை மோதியும் இருவருக்குமே அறுபது விழவில்லை.

நான்காவது மோதலுக்கு ஒரு வாரம் இருந்தபோது, காலையில், கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்த பூங்கோதை நிமிராமலே கேட்டாள்.

"என்னங்க, இந்த வருஷமும் நீங்களும் அந்தத் தென்காசிக்காரருமா?"

"ஆமா."

"தோத்துடுங்களேன்."

தென்னவன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார்.

"ஆடி அமாவாசைக்கு அம்மா மண்டபத்துல கபிலனுக்கு எள்ளும் தண்ணியும் விடணும். நீங்க விடணும்."

கபிலன் அவர்களுடைய ஒரே மகன். இருபத்துநாலு வயதில், மூன்று நாள் காய்ச்சலில் போனவன். ஆறு வருடம் ஆகிறது. தென்னவன் கொள்கைப்படி சடங்கு எதுவும் இல்லாமல் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார். மன்றத்தில் அவரைப் பாராட்டி நானூறு பேர் எழுதினார்கள். பூங்கோதையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"இதுக்கு எதுக்குத் தோக்கணும்? விடுன்னா விடறேன். கூட வர்றேன், வா."

"கூட வர்றதுக்கு ஆட்டோக்காரர் போதும்." கத்தி நின்றது. "நீங்க நெசமா விடணும். அவன் அங்க இருக்கான், கை நீட்டி வாங்கிக்கறான்னு நெனச்சு விடணும். ஒரே ஒரு தடவை. எனக்குன்னு ஒரு பிடி சாம்பல்கூட நீங்க வைக்கலைங்க."

"நம்பிக்கை உனக்குத்தானே இருக்கு. நீயே விடேன் கோதை."

அவள் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். தென்னவன் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார். பரிசோதகர்களுக்கும் சில விரிசல் தப்பிவிடும்.

அவளுக்காகத் தோற்றுவிடுவது என்று இறங்கினார். தோற்பது எவ்வளவு சிரமம் என்று தென்னவனுக்கு அந்த ஏழு நாளில்தான் தெரிந்தது. முதல் நாள் மெய்கண்டமூர்த்தி கேட்டார்: 'அன்பரே, அன்பை எந்த எக்ஸ்ரேயில் பார்த்தீர்?' இந்தக் கேள்விக்குத் தென்னவனிடம் நாற்பது பதில்கள் தயாராக உண்டு. அத்தனையையும் விழுங்கிவிட்டு, 'பார்த்ததில்லை' என்று மட்டும் எழுதினார். அரை மணி நேரத்தில் அவர் தரப்பு கொண்டாடத் தொடங்கியது. ஒற்றைச் சொல்லில் சைவத்தின் முதுகெலும்பை முறித்தார் தோழர் என்று ஒருவர் படம் செய்து போட்டார். இரண்டாம் நாள் பதிலே எழுதவில்லை. அது அலட்சியத்தின் உச்சம் என்று பெயர் வாங்கியது. மூன்றாம் நாள் ஐம்பத்தெட்டு நடுவர்கள் அவர் பக்கம் வந்துவிட்டார்கள். இத்தனை வருடமாக எழுதியதால்தான் ஜெயிக்காமல் இருந்தோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

ஆறாம் நாள் வேறு வழி இல்லாமல் ஒரே வரி எழுதினார்: 'நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம்.'

அது வேலை செய்தது. மன்றத்தில் ஒருவரை அயோக்கியன் என்று சொல்லலாம், அவருடைய பாட்டனாரை இழுக்கலாம், கடவுளையே கூண்டில் ஏற்றலாம். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அங்கே யாரும் மன்னித்ததில்லை. மறுநாள் அறுபத்தாறு நடுவர்கள் மெய்கண்டமூர்த்தி பக்கம் போனார்கள்.

பகுத்தறிவு இயக்கத்தோழர் வெற்றிச்செழியன் போன் செய்தார்.

"தோழர், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் தோழர்."

"யாராவது மிரட்டுனாங்களா? பயப்படாம சொல்லுங்க, வக்கீல் அணி இருக்கு."

"இல்ல தோழர். தோணுச்சு, எழுதினேன்."

"தோணலாம் தோழர், யாருக்குத்தான் தோணல? அதைப் போய் எழுதலாமா? பத்தொன்பது வருஷ உழைப்பு!"

பூங்கோதை அன்று கேசரி கிண்டினாள். தோல்விக்குக் கேசரி கிண்டிய வீடு அந்தத் தெருவில் அது ஒன்றுதான்.

பதியம் போடும் மையம் தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு மேல்மாடியில் இருந்தது. அமாவாசைக்கு நான்கு நாள் முன்பு தென்னவன் போனார். தொப்பியை மாட்டிவிட்டவர் ரெஜினா என்ற டெக்னீஷியன் அம்மா. ஐம்பதை நெருங்கும் வயது, எத்தனையோ தலையைப் பார்த்துச் சலித்த முகம். தென்காசியில் எடுத்த மெய்கண்டமூர்த்தியின் பதிவு வந்து சேர்ந்திருந்தது. இருபது நிமிடம் காதுக்குள் தேனீ சுற்றுவதுபோல் ஒரு சத்தம். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"என்ன சார், தலை வலிக்குதா?"

"ஒண்ணும் இல்லையே."

"வலி இல்லையா?"

"வலியும் இல்ல. எதுவுமே இல்ல. ஏறலைன்னு நினைக்கிறேன்மா, இன்னொரு தடவை போடுங்க."

ரெஜினா திரையைப் பார்த்தார். "நூத்துக்கு நூறு ஏறியிருக்கு சார். அங்க என்ன இருந்துச்சோ அதான் வரும்."

"அங்க எப்படி எதுவும் இல்லாம இருக்கும்? அவர் யார் தெரியுமா? மார்கழி மாசம் பூரா மைக்ல அழுவார்!"

ரெஜினா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் இதுவரைக்கும் முந்நூத்திப் பத்துப் பேருக்குப் போட்டிருக்கேன் சார். ஒரு இருபது பேருக்கு ஏதோ வந்திருக்கும். எந்தப் பக்கத்து ஆளா இருந்தாலும் சரி, பாக்கி எல்லாம் இதே கதைதான்."

"அப்ப அந்த அறிக்கையெல்லாம்? கரூர்க்காரர் ஒளி ஒளின்னு பதினோரு பக்கம் எழுதினாரே?"

"அவருக்கு நான்தான் போட்டேன். எந்திரிச்சதும் பக்கத்துல நல்ல பரோட்டாக் கடை எங்க இருக்குன்னு கேட்டார்."

"ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"சொன்னா ரெண்டு பேர் மானமும்ல போகும். ஜெயிச்சவருக்கு உள்ள ஒண்ணுமில்லன்னு ஆயிரும். தோத்தவரு அந்த ஒண்ணுமில்லாததுகிட்டத் தோத்தாருன்னு ஆயிரும். அதுக்கு ஒளின்னு எழுதிட்டுப் போறது சுலபம்."

தென்னவன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று கேட்டார்: "உங்களுக்கு நம்பிக்கை உண்டாம்மா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போறேன் சார். இந்தத் தொப்பியை மட்டும் என் தலையில வச்சுப் பாத்ததில்ல."

மாடிப்படி இறங்கும்போதுதான் தென்னவனுக்கு வித்தியாசம் உறைத்தது. ஒன்றுமில்லை என்பது அவருக்குப் பழகிய இடம். ஆனால் அவருடைய ஒன்றுமில்லையில் ஒரு கம்பீரம் இருக்கும். பளிச்சென்று துடைத்து வைத்த அலுவலக அறைபோல. இது அப்படி இல்லை. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடு. சுவரில் படம் மாட்டிய இடம் மட்டும் வெளுப்பாக, சதுரம் சதுரமாக. தெருவில் பிள்ளையார் கோயிலைக் கடந்தபோது கை தானாக உயர்ந்து கன்னத்தைத் தொடப் போயிற்று. தொடுவதற்கு உள்ளே காரணம் கிடைக்காமல் பாதி வழியில் நின்றது. ஓர் ஆட்டோக்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று வண்டியை ஓரம் கட்டினார்.

வீட்டுக்குப் போகாமல் எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக மெய்கண்டமூர்த்திக்குப் போன் செய்தார்.

"அன்பரே!" பெயரைச் சொன்னதும் கோயில் மணி முழங்கியது. "எப்படி இருக்கு எம்பெருமான் அருள்?"

"ஏறிடுச்சு. நூத்துக்கு நூறு. அதான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ மிக்ஸி ஓட்டினார்கள். அது ஓய்கிறவரை இருவரும் காத்திருந்தார்கள். ஓய்ந்தபிறகு வந்த குரலில் வெண்கலம் இல்லை.

"வெளிய சொல்லிட்டீரா?"

"இல்ல. எப்ப போச்சு உங்களுக்கு?"

"ஆறு வருசம் ஆகுதுவே. உம்ம மகன் தவறின அன்னைக்கு நான் ஒண்ணு எழுதினேன்லா."

தென்னவனுக்கு ஞாபகம் இருந்தது. 'இப்போதாவது உணர்வீரா அன்பரே?' என்ற ஒற்றை வரி. அதற்கும் முந்நூறு பேர் கைதட்டியிருந்தார்கள்.

"எழுதியிருக்கக் கூடாது. பேச்சு வேகம். நீர் நாலாம் நாளு அதுக்குப் பதில் போட்டீர். பதினாலு பாயிண்டு. ஒரு இடத்துல சறுக்கல் இல்ல. பெத்த பிள்ளையக் குடுத்துட்டு நாலாம் நாளு ஒரு மனுசன் இப்படி எழுதுதாம்னா, ஒண்ணு அவன் கல்லா இருக்கணும், இல்ல அவன் சொல்லுதது நெசமா இருக்கணும். நீர் கல்லுன்னுதான் நெனச்சுப் பாத்தேன். ஒரு வாரம் பாத்தேன். முடியல. பொறவு ஒவ்வொண்ணாப் போயிட்டு."

தென்னவன் டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"ஐயா, அன்னைக்கு நான் என்ன எழுதினேன்னே எனக்கு ஞாபகம் இல்ல. வீட்ல உக்கார முடியல. அவன் ரூமுக்குள்ள போக முடியல. கைக்கு ஏதாவது வேலை வேணும்னு இருந்துச்சு. அதான் எழுதினேன்."



"இதை அப்பவே சொல்லியிருக்கலாம்லாவே," என்றார் மெய்கண்டமூர்த்தி.

பதினோராயிரம் பதில்களில் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான் போலும்.

"போனதுக்கு அப்புறமும் ஏன் பேசிக்கிட்டே இருந்தீங்க?"

"எனக்கு வேற என்ன தெரியும்? பேசத்தான் தெரியும். கேக்க வாறவங்க முகத்தைப் பாத்தா நிறுத்த முடியல. பதியத்துக்கு ஒத்துக்கிட்டதுகூட... அடியில எங்கயாவது கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கும், மிசினாவது தேடி எடுத்துரும்னு ஒரு நப்பாசை."

"அப்ப நான் ஆறு வருஷத்துக்கு முன்னாடியே உங்களை ஜெயிச்சுட்டேன்."

"ஆமா. வாழ்த்துகள்."

இந்த நாளுக்காகத்தான் தென்னவன் பத்தொன்பது வருடம் உழைத்திருந்தார். டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. ஊரிலிருந்த ஒரே பெரிய நம்பிக்கையை நாமே தின்று தீர்த்துவிட்டு, பசி வந்த நாளில் அதே வாசலில் கிண்ணத்தோடு நிற்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. மன்றத்தில் எழுதினால் நன்றாக இருக்கும் என்றும் உடனே தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேல் அவருக்கு அலுப்பாக வந்தது.

"அமாவாசைக்கு என் சம்சாரத்தோட ஆத்துக்குப் போறேன். மகனுக்கு எள்ளு விட. உங்க நம்பிக்கையைத்தான் நம்பியிருக்கா. அங்க நின்னு நான் என்ன சொல்றது?"

"எனக்குத் தெரியாதுவே," என்றார் மெய்கண்டமூர்த்தி.

ஆடி அமாவாசையன்று காவிரியில் தண்ணீர் முழங்கால் அளவு, ஜனம் கழுத்தளவு. அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஒரு சாஸ்திரிகள் கையடக்க மைக் வைத்துக்கொண்டு ஐம்பது குடும்பத்துக்கு ஒரே மூச்சில் தர்ப்பணம் செய்துவைத்தார்.

"கோத்திரம்?"

"தெரியாதுங்க," என்றார் தென்னவன்.

"சிவ கோத்திரம்னு வச்சுக்கலாம். யாருக்கு, அப்பாவுக்கா?"

"மகனுக்கு."

சாஸ்திரிகள் ஒரு நொடி மைக்கை வாயிலிருந்து விலக்கினார். "சரி, கொடுக்கலாம். பேர் சொல்லுங்கோ."

தென்னவன் பெயர் சொன்னார். எள்ளும் தண்ணீரும் விரல் வழியாக இறங்கி ஆற்றோடு போயின. ஒரு மீன் குஞ்சு வந்து எள்ளை முகர்ந்துவிட்டு வேண்டாம் என்று போயிற்று. உள்ளே அந்தக் காலி வீட்டில் எதுவும் அசையவில்லை. ஒரு காலடிச் சத்தம் கேட்காதா என்று, பகுத்தறிவை எல்லாம் ஓரம் வைத்துவிட்டு, உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டார். இல்லை.

பக்கத்தில் சேலை நனைய நின்ற பூங்கோதை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றை அவள் பார்க்கவே இல்லை.

"வாங்கிக்கிட்டானா?"

தென்னவன் வாழ்நாளில் பொய் சொல்லாதவர் என்று பெயர் வாங்கியவர். மாமனார் இழவிலேயே, ஆன்மா என்று ஒன்று கிடையாது என்று அழுதுகொண்டிருந்தவர்களுக்கு வகுப்பு எடுத்தவர்.

"வாங்கிக்கிட்டான்," என்றார்.

"எப்படித் தெரியும்?"

மன்றத்தில் அவர் ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி. கேட்டு, பதில் வராமல் அவர்கள் நெளிவதைப் பார்த்து ரசித்த கேள்வி. இப்போது அவர் நெளிந்தார்.

"தெரியுது கோதை."

"எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். கொஞ்சம் சதை போட்டிருக்கான்."

பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஏதோ ஒன்று விரலிடுக்கில் வந்தது. "சதை போட்டிருக்கானா? யாருங்க சமைச்சுப் போடறா அங்க?"

"தெரிஞ்ச அம்மா மாதிரிதான் இருக்கு. முகம் சரியாத் தெரியல."

"எங்க அத்தையா இருக்கும். அவங்க கை கொஞ்சம் காரம். இவனுக்கு ஒத்துக்கணுமே."

"ஒத்துக்கிச்சு."

படித்துறையின் மூன்று படி ஏறுவதற்குள் தென்னவன் ஒரு சொர்க்கத்துக்கு அஸ்திவாரம் போட்டு, சமையலறையும் கட்டி முடித்துவிட்டார். உலகத்துப் பெரிய மதங்கள் எல்லாவற்றுக்கும் இதைவிட அதிக நேரம் பிடித்திருக்காது என்று அவருக்குத் தோன்றியது. யாரோ ஒருத்தி கேட்டிருப்பாள். யாரோ ஒருவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லியிருப்பான். ஆதாரம் கேட்டவன் அந்த நேரம் பக்கத்தில் இல்லாதிருந்திருப்பான்.

அன்றிலிருந்து தினம் ஒரு கேள்வி, காலைக் காபியோடு. அங்கே வெளிச்சம் எப்படி? அவனுக்கு வேலை என்ன? அதே கண்ணாடிதானா, பவர் கூடியிருக்கிறதா? தென்னவன் பதில் சொன்னார். அடுத்தவன் ஒட்டியதில் விரிசல் தேடியவருக்கு இப்போது தான் ஒட்டியதில் விரிசல் விழாமல் பார்க்கும் வேலை. ஒருநாள் மாட்டிக்கொண்டார்.

"அன்னிக்கு மாடி ரூம்னு சொன்னீங்க?"

"கீழ மாத்திக்கிட்டான்."

"அதானே. மாடியில பல்லி இருந்திருக்கும். அவனுக்குப் பல்லின்னா உயிரே போயிடும், தெரியும்ல?"

தெரியாது. இருபத்துநாலு வருடம் ஒரே வீட்டில் இருந்த மகனுக்குப் பல்லி பயம் என்று தென்னவனுக்கு அன்றுதான் தெரிந்தது. ஆறு வருடமாக அந்த வீட்டில் கபிலன் பெயரை யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு மண்டலத்தில் அவன் எந்தக் கடைச் சட்டை போடுவான், யாரிடம் காசு வாங்கி சினிமாவுக்குப் போவான், எந்தப் பெண்ணுக்காக நான்கு நாள் சாப்பிடாமல் இருந்தான் என்று அவள் சொல்லச் சொல்ல அவர் கேட்டார். ஒருநாள் டம்ளரைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்:

"என் தலையில அந்தத் தொப்பியை வச்சு எடுத்தா என்ன வருமோன்னு எனக்கே பயம்ங்க. நீங்க சாமி இல்லன்னு சொல்லும்போதெல்லாம் நான் அடுப்படியில கேட்டுக்கிட்டேதானே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமா எனக்கும் எதுவும் தெரியாமப் போச்சு. அதான் உங்ககிட்டக் கேக்கறேன்."

அதற்குத் தென்னவனிடம் பதினாலு பாயிண்ட் இல்லை. அவள் கழுவிய டம்ளரை வாங்கித் துடைத்து வைத்தார்.

நாற்பத்தெட்டாம் நாள் மையத்திலிருந்து செய்தி வந்தது: தங்கள் பதியம் இன்றோடு உதிர்கிறது, ஒத்துழைப்புக்கு நன்றி. மன்றத்தில் தோரணம் கட்டாத குறை. 'மீண்டு வாருங்கள் தோழர்' என்று வெற்றிச்செழியன் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். ஆத்திகர்கள் இன்னொரு பதினோரு பக்க ஒளிக்குக் காத்திருந்தார்கள். மெய்கண்டமூர்த்தி மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் காலை தென்னவன் விழித்தபோது பழைய அறை திரும்பி வந்திருந்தது. பளிச்சென்று, துடைத்து, மேசை நாற்காலியோடு. முதுகு தானாக நிமிர்ந்தது. கணினியைத் திறந்து 'நான் உணர்ந்தது' என்று தலைப்பு அடித்தார். கீழே எழுதவேண்டிய இடத்தில் கர்சர் கோடு சிமிட்டிக்கொண்டிருந்தது. எதை எழுதுவது? மெய்கண்டமூர்த்தியிடம் ஒன்றுமில்லை என்றா? அதை அவரிடமிருந்து பறித்தது யார் என்றா? தான் ஜெயித்ததையா?

பூங்கோதை காபியைக் கொண்டுவந்து வைத்தாள். கேள்வி வரவில்லை. காலண்டரில் அவளே நாற்பத்தெட்டு நாளையும் கோடு போட்டு அடித்து வந்திருந்தாள்.

"நேத்தோட முடிஞ்சுதுல்ல?" என்றாள்.

"முடிஞ்சுது."

"ம்."

அவள் திரும்பி நடந்தாள். அடுப்படி வாசல்வரை போனவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்:

"அங்க இப்ப மழையா இருக்குமோ?"

தென்னவன் திரையைப் பார்த்தார். பிறகு அவள் முதுகைப் பார்த்தார்.

"தூறல்தான்," என்றார்.

"குடை எடுத்துட்டுப் போயிருப்பானா?"

"அவன் என்னிக்குக் குடை எடுத்துட்டுப் போனான்?"